அல்சாஸ் ஒயின் சாலையில் காரில் ஒரு சுற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸில் ஒயின் விளையும் கிராமங்களில் காரில் சுற்றிவிட்டு வந்தேன் என்று சொன்ன நாளிலிருந்து எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன். இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை நண்பர்களோடு, அடுத்த தடவை அம்மா, அப்பா, குழந்தை எல்லாரையும் கூட்டிக்கொண்டு. முதல் தடவை செய்த தப்புகளை இரண்டாம் தடவை கொஞ்சம் திருத்திக்கொண்டேன், புதிதாகவும் சில செய்தேன்.

போர்தோ, பர்கண்டி, ஷாம்பெயின் என்று ஒயினுக்குப் பெரிய பெயர்கள் இருக்க, ஏன் அல்சாஸ்?

ஒயினுக்காக மட்டுமே போகிறவர் என்றால் பர்கண்டிக்குப் போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் காரில் நாலு பேர் இருந்து அதில் இரண்டு பேர் குடிக்காதவர்களாக இருந்தால் (நம் வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தானே) அல்சாஸுக்கு நிகராக வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், ஒரு பக்கம் ரைன் நதிச் சமவெளி, மறு பக்கம் வோஜ் மலைத்தொடர், இரண்டுக்கும் நடுவே மலையடிவாரத்துச் சரிவில் ஒல்லியாக ஒரு பட்டை போலத் திராட்சைத் தோட்டங்கள். மூன்று நாலு கிலோமீட்டருக்கு ஒரு கிராமம் வந்துவிடும், மேலே நிமிர்ந்தால் ஒரு பாழடைந்த கோட்டை. போர்தோவில் பெரிய பெரிய எஸ்டேட்டுகள், பல இடங்களில் முன்பதிவு இல்லாமல் கேட்டுக்குள் போகவே முடியாது. இங்கே தெருவோரத்து வீட்டுக் கதவைத் தட்டினால் அந்த வீட்டுக்காரரே கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஊற்றித் தருவார்.

இன்னொரு விஷயம், மழை. மேற்கிலிருந்து வரும் மேகத்தை வோஜ் மலை அந்தப் பக்கமே கறந்துவிடுகிறது. அதனால் நடுவில் இருக்கும் கோல்மார், பிரான்ஸிலேயே மழை குறைந்த நகரங்களில் ஒன்று. மலைக்கு இந்தப் பக்கம் காய்ந்து கிடப்பது தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதாக இருக்காது.

ஒயின் சாலை மொத்தமே 170 கிலோமீட்டர்தானே, ஒரே நாளில் முடித்துவிடலாமா?

முடிக்கலாம். நாங்களும் முதல் தடவை கிட்டத்தட்ட அதைத்தான் செய்தோம். ஒயின் சாலை என்று 1953-ல் தொடங்கி வைத்த பாதை இது. வடக்கே ஸ்ட்ராஸ்பூர்க் பக்கம் மார்லென்ஹைமில் ஆரம்பித்து தெற்கே தான் என்ற ஊரில் முடிகிறது (ஊர்ப் பெயரே 'தான்'தான், அச்சுப்பிழை இல்லை). ஒரே நாளில் ஒன்பது கிராமம் பார்த்தோம். ஊருக்கு வந்து படங்களைப் புரட்டினால் எல்லாவற்றிலும் மரச்சட்ட வீடு, ஜன்னலில் சிவப்பு ஜெரேனியம், நடுவில் ஒரு கல் நீரூற்று. எது ரிக்வீர், எது எகிஷைம் என்று எங்களுக்குள்ளேயே சண்டை, இன்றுவரை தீரவில்லை.

ஒரு நாளைக்கு மூன்று கிராமத்துக்கு மேல் வேண்டாம். அதில் ஒன்றில் தங்கிவிடுங்கள். பகல் 11 மணியிலிருந்து 5 மணிவரை டூரிஸ்ட் பஸ்களின் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருக்கும், 6 மணிக்கு மேல் ஊர் காலியாகிவிடும், அப்போது நடந்து பார்த்தால்தான் அது மனிதர்கள் குடியிருக்கும் ஊர் என்பதே தெரியும். நாலு இரவு இருந்தால் போதும், மூன்று என்றால் இழுத்துப்பிடித்து ஒப்பேற்றலாம். இரண்டு இரவு மட்டும்தான் கிடைக்கிறது என்றால் கோல்மாரைச் சுற்றி 15 கிலோமீட்டருக்குள் இருப்பதை மட்டும் பாருங்கள், வடக்குப் பக்கத்தை விட்டுவிடுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

மே, ஜூன், அப்புறம் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை. அறுவடை செப்டம்பரில் சூடுபிடிக்கும், நுரைக்கும் கிரெமான் ஒயினுக்கான பழத்தை முதலில் பறிப்பார்கள். அந்தச் சமயம் ஊரே புளித்த திராட்சை வாசத்தில் இருக்கும், சாலையில் டிராக்டர்கள் ஊர்ந்து போகும், ஹாரன் அடிக்காமல் பின்னால் போங்கள். ஆனால் வீட்டுக்காரர்கள் எல்லாம் தோட்டத்தில் இருப்பதால் உட்கார்ந்து ஆற அமரப் பேச ஆள் கிடைப்பது கஷ்டம், தோட்டத்துக்குள் போகும் சில நடைபாதைகளையும் அந்த நாட்களில் அடைத்துவிடுவார்கள்.

டிசம்பர் என்றால் கிறிஸ்துமஸ் சந்தை. ஸ்ட்ராஸ்பூர்க் சந்தை 1570-லிருந்து நடக்கிறது. அழகுதான், ஆனால் வார இறுதியில் கைசர்ஸ்பெர்க் கிராமத்தில் கார் நிறுத்த இடம் தேடுவது தீபாவளிக்கு முந்தின நாள் தி.நகரில் தேடுவதற்குச் சமம். ஜனவரி, பிப்ரவரியில் நிறைய ஹோட்டல்களும் உணவகங்களும் மூடிக்கிடக்கும்.

விசா, லைசென்ஸ்?

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா, 2024 ஜூனிலிருந்து கட்டணம் 90 யூரோ. லைசென்ஸைப் பொறுத்தவரை, சுற்றுலாவாக வருகிறவர் தன் நாட்டு லைசென்ஸோடு ஓட்டலாம், ஆனால் கூடவே பிரெஞ்சு மொழிபெயர்ப்போ சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ இருக்க வேண்டும். அந்த அனுமதியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள், பிரான்ஸ் போன பிறகு அங்கே யாரும் தர மாட்டார்கள். அது மட்டும் கையில் இருந்தால் போதாது, ஒரிஜினல் லைசென்ஸையும் எடுத்துப்போங்கள்.

பாரிஸிலிருந்தே காரில் போய்விடலாமா?

வேண்டாம். ஏறக்குறைய 490 கிலோமீட்டர் நெடுஞ்சாலை, சுங்கம் கட்டிக்கொண்டே போகணும், பார்க்கவும் ஒன்றும் இல்லை. பாரிஸ் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து டிஜிவி அதிவேக ரயில் ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும், கோல்மாருக்கு இன்னும் கொஞ்சம் கூட. அங்கே இறங்கிக் கார் எடுங்கள். பாரிஸில் அந்தக் கிழக்கு ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் லா ஷப்பெல், ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த தெருக்கள். அப்பாவுக்காக அங்கே இடியாப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டுதான் ரயில் ஏறினோம், மிளகாய்த்தூளும் ஒரு பொட்டலம்.

இன்னொரு வழி பாசெல்–மியூலூஸ் விமான நிலையம். இதில் ஒரு பொறி இருக்கிறது. விமான நிலையம் நிற்பது பிரெஞ்சு மண்ணில், ஆனால் உள்ளே பிரெஞ்சுப் பக்கம், சுவிஸ் பக்கம் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். கார் முன்பதிவு செய்யும்போது பிரெஞ்சுப் பக்கம் என்று பார்த்துப் போடுங்கள்; தவறினால் சுவிஸ் பக்கத்துக் கவுண்டர், சுவிஸ் நம்பர் பிளேட், வேறு வாடகை, வேறு வாசல் என்று அலைய வேண்டிவரும்.

கார் வாடகைக்கு எடுப்பதில் எதைக் கவனிக்கணும்?

ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் முன்பதிவிலேயே அதைத் தேர்ந்தெடுங்கள். சும்மா 'கார்' என்று போட்டால் கியர் வண்டிதான் பெரும்பாலும் வரும். நமக்கு ஸ்டியரிங் இடது பக்கம் போனதே குழப்பம், அதில் வலது கையால் கியர் போடுவது வேறு. முதல் அரை மணி நேரம் நான் கியர் என்று நினைத்துக் கதவுப் பிடியைத்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். கிரெடிட் கார்டு ஓட்டுபவர் பெயரிலேயே இருக்கணும். 25 வயதுக்குக் கீழே என்றால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள்.

சின்ன காராக எடுங்கள். ஏழு பேர் உட்காரும் வண்டியோடு ஒரு கிராமத்துச் சந்துக்குள் ஜிபிஎஸ் எங்களைக் கொண்டுபோய் விட்டது, இரண்டு பக்கமும் சுவருக்கு ஒரு சாண் இடைவெளி, பின்னாடியே எடுத்து வெளியே வருவதற்குள் பால்கனியிலிருந்து ஒரு பாட்டி கைகாட்டி வழி சொல்ல வேண்டியதாயிற்று.

அப்புறம் கவுண்டர் நேரம். ஊர்ப்பக்கத்துக் கிளைகள் மதியம் சாப்பாட்டுக்கு மூடும், ஞாயிறு திறக்கவே திறக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ரயிலில் இறங்கி, பூட்டிய ஷட்டர் முன்னால் பெட்டிகளோடு நின்றிருக்கிறேன். பதிவு செய்த இணையதளம் அந்த நேரத்தை எந்தத் தயக்கமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தது. டாக்ஸிக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

பெட்ரோல் பங்கில்: 'எஸான்ஸ்' என்றால் பெட்ரோல், 'காஸோல்' என்றால் டீசல். காஸோல் என்ற பெயரைப் பார்த்துப் பெட்ரோல் என்று நினைத்துப் போட்டவர்கள் உண்டு, மூடியின் உள்பக்கம் ஒட்டியிருப்பதை ஒரு முறை படித்துவிட்டுப் போடுங்கள்.

சாலை விதிகளில் நம்மைத் தடுமாற வைப்பது எது?

வலது பக்கம் ஓட்டுவது அரை நாளில் பழகிவிடும். பழகாதது வலப்பக்க முன்னுரிமை. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலது பக்கச் சின்னத் தெருவிலிருந்து வருகிற வண்டிக்கு நீங்கள் நின்று வழிவிட வேண்டும், நீங்கள் பெரிய தெருவிலேயே போனாலும் சரி. கிராமத்துக்குள் இது நிறைய வரும். அந்த ஊர்க்காரர் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்து நுழைவார், சட்டம் அவர் பக்கம்.

வேகம்: ஊருக்குள் 50, பல கிராமங்களில் 30. வெளியே இருவழிச் சாலையில் 2018-லிருந்து பொதுவாக 80, நெடுஞ்சாலையில் 130, மழை பெய்தால் 110. இதில் ஒரு நுணுக்கம், ஊருக்குள் நுழையும்போது 50 என்று தனியாகப் பலகை இருக்காது. சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் பலகையில் ஊர்ப் பெயர் இருந்தால் அதுவே 50-க்கான அறிவிப்பு. அதே பெயரைக் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தால் ஊர் முடிந்தது. கேமராக்கள் இந்த எல்லைகளுக்குப் பக்கத்திலும் இருக்கும்.

நல்ல செய்தி, ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து தெற்கே கோல்மார், மியூலூஸ் போகும் ஏ35 நெடுஞ்சாலையில் சுங்கம் கிடையாது. நேரமானால் அதில் ஏறிச் சீக்கிரம் போய்விடலாம். ஸ்ட்ராஸ்பூர்க்கைச் சுற்றிப் போகும் புதிய மேற்குப் புறவழிச்சாலைக்கு மட்டும் சுங்கம் உண்டு.

பழைய ஊர்களுக்குள் காரைக் கொண்டுபோக முயலாதீர்கள். மதிலுக்கு வெளியே கட்டண நிறுத்தம் இருக்கும், அங்கே விட்டுவிட்டு நடங்கள். நீலக் கோடு போட்ட இடம் இலவசம், ஆனால் வந்த நேரம் காட்டும் அட்டை வட்டு ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கணும்.

ஓட்டுகிறவர் ஒரு கிளாஸ் குடிக்கலாமா?

சட்டப்படி ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராமுக்குக் கீழே இருக்கணும். லைசென்ஸ் எடுத்துக் கொஞ்ச வருடமே ஆன புது ஓட்டுநர்களுக்கு 0.2, அதாவது ஒன்றும் குடிக்காதே என்று அர்த்தம். 0.5-ஐத் தாண்டினால் 135 யூரோ அபராதம், 0.8-ஐத் தாண்டினால் அது குற்ற வழக்கு. நம் நாட்டு வரம்பு இதைவிடக் குறைவு, லிட்டருக்கு 0.3-க்குச் சமம், அதையே நாம் மதிக்கும் அழகு தெரிந்ததுதான்.

என் பதில்: கூடாது. சுவை பார்க்க ஊற்றுவது சின்ன அளவுதான், ஆனால் ஒரு வீட்டில் ஆறு வகை, அப்புறம் அடுத்த வீடு என்று போனால் கணக்கு எங்கேயோ போய்விடும். நாங்கள் கண்டுபிடித்த வழி சுலபமானது. காலையில் கார், மாலையில் தங்கும் ஊரிலேயே நடந்து போய் ஒயின் வைத்திருக்கும் நிலவறை. சாவி அறையில் இருக்கும். பகலில் கட்டாயம் சுவைக்க வேண்டும் என்றால் ஆளுக்கு ஒரு நாள் ஓட்டுநர் வேலை.

காரே வேண்டாம் என்றாலும் முடியும். ஸ்ட்ராஸ்பூர்க்–கோல்மார் உள்ளூர் ரயில் அரை மணி நேரம்தான். கோல்மாரிலிருந்து கிராமங்களுக்குப் பஸ் உண்டு, மலையடிவாரத்தில் சைக்கிள் பாதையும் இருக்கிறது.

ஒயினைப் பற்றி ஒன்றுமே தெரியாது. நிலவறைக்குள் போனால் அசடு வழியுமா?

வழியாது. உள்ளே நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்லுங்கள், அது ரொம்ப முக்கியம், சொல்லாமல் நேரே விலை கேட்டால் முகம் மாறிவிடும். 'தெகுஸ்தாசியோன்' என்று வாசலில் எழுதியிருந்தால் சுவை பார்க்கலாம் என்று அர்த்தம். மதியம் 12-லிருந்து 2 வரை போகாதீர்கள், சாப்பாட்டு நேரம்.

பிரான்ஸின் மற்ற இடங்களில் பாட்டிலின் மேல் ஊர்ப் பெயர்தான் பெரிதாக இருக்கும், அது என்ன திராட்சை என்பது தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அல்சாஸில் திராட்சையின் பெயரையே எழுதிவிடுகிறார்கள், அதனால் புதியவர்களுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. பெரும்பாலும் வெள்ளை ஒயின். முக்கியமாக ஏழு வகை: சில்வானேர், பினோ பிளாங், ரீஸ்லிங், மஸ்கட், பினோ கிரி, கெவுர்ஸ்ட்ரமீனர், இவற்றோடு சிவப்புக்கு பினோ நுவார். லேசானதில் ஆரம்பித்து வாசனையும் இனிப்பும் கூடிக்கொண்டே போகிற வரிசையில் ஊற்றுவார்கள், நடுவில் மாற்றச் சொல்லாதீர்கள், கெவுர்ஸ்ட்ரமீனருக்குப் பிறகு எதைக் குடித்தாலும் தண்ணீர் மாதிரி இருக்கும். கெவுர்ஸ் என்றால் ஜெர்மனில் மசாலா. எனக்கு முகர்ந்ததும் கல்யாண வீட்டு வாசலில் தெளிக்கிற பன்னீர் ஞாபகம் வந்தது, கூடவே லிச்சிப் பழம். குடிக்காத அம்மாவுக்குக்கூட அந்தக் கிளாஸை முகர்ந்து பார்ப்பதில் மட்டும் ஆட்சேபம் இருக்கவில்லை.

ரீஸ்லிங் நேர் எதிர். புளிப்பும் இறுக்கமும். முதல் வாய்க்குப் பிடிக்காது, மூன்றாவது நாள் அதைத்தான் கேட்பீர்கள். 'கிரான் க்ரூ' என்று போட்டிருந்தால் தனி மதிப்புள்ள 51 தோட்டச் சரிவுகளில் ஒன்றில் விளைந்தது. 'வான்தாஞ் தார்தீவ்' என்றால் செடியிலேயே கனிய விட்டு வெகு தாமதமாகப் பறித்தது, நல்ல இனிப்பு, விலையும் கூட.

பக்கத்தில் வாளி மாதிரி ஒன்று இருக்கும். அது துப்புவதற்கு. துப்பினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், தொழில் செய்கிறவர்களே அப்படித்தான் செய்கிறார்கள். சின்ன வீடுகளில் பல நேரம் சுவை பார்க்கக் காசு வாங்க மாட்டார்கள், அதற்காக ஆறு கிளாஸ் குடித்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு வெளியே வருவது அழகல்ல, ஒரு பாட்டிலாவது வாங்குங்கள்.

குடிக்காதவர்களும் குழந்தைகளும் என்ன செய்வார்கள்?

ஓ-கோனிக்ஸ்பூர்க் கோட்டை. முப்பதாண்டுப் போரில் 1633-ல் சுவீடன்காரர்கள் எரித்துவிட்டுப் போன இடம். அல்சாஸ் ஜெர்மனியிடம் இருந்தபோது பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1900-லிருந்து 1908-க்குள் அதைத் திரும்பக் கட்ட வைத்தார். பாழடைந்த கோட்டையாகவே விட்டிருக்கலாம் என்று பண்டிதர்கள் சொல்வார்கள், என் பிள்ளைக்கு அந்த இழுபாலமும் பீரங்கியும்தான் பயணத்திலேயே பிடித்தது. காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள்.

ஹுனாவீரில் நாரைகளை வளர்த்து மீட்டெடுக்கும் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் அல்சாஸில் நாரையே அற்றுப்போகும் நிலை, இப்போது தேவாலயக் கூரைகளில் எல்லாம் கூடு. கோல்மாரில் உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் 16-ம் நூற்றாண்டு ஈசன்ஹைம் பலிபீட ஓவியத்தைப் பாருங்கள், ஓவியத்தில் ஆர்வம் இல்லாத அப்பாவே அதன் முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சுதந்திரதேவி சிலையை வடித்த பார்த்தோல்டி 1834-ல் பிறந்தது இந்த ஊரில்தான், வடக்கிலிருந்து ஊருக்குள் வரும் ரவுண்டானாவில் 12 மீட்டர் உயரத்தில் அந்தச் சிலையின் நகல் நிற்கிறது.

ஊர்ப் பெயர்கள் எல்லாம் ஜெர்மன் மாதிரி இருக்கின்றனவே, இது பிரான்ஸ்தானா?

1871-ல் ஜெர்மனி எடுத்துக்கொண்டது, 1918-ல் பிரான்ஸுக்குத் திரும்பியது, 1940-ல் மறுபடி ஜெர்மனி, போர் முடிவில் மறுபடி பிரான்ஸ். எழுபத்தைந்து வருடத்துக்குள் நாலு தடவை நாடு மாறிய ஊர். பெரியவர்கள் பேசும் அல்சாஸ் மொழி ஜெர்மன் குடும்பத்தைச் சேர்ந்தது. 'ஹைம்' என்று முடிவதெல்லாம் நம் 'குடி', 'பட்டி' மாதிரி.

போரின் தழும்பைப் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. ரிக்வீர் பெரிய சேதமில்லாமல் தப்பியது. சில கிலோமீட்டரில் இருக்கும் பென்வீர், சிகோல்சைம், ஆமர்ஷ்வீர் மூன்றும் 1944–45 குளிர்காலச் சண்டையில் நொறுங்கிப்போயின. அங்கே வீடுகள் எல்லாம் ஐம்பதுகளில் கட்டியவை. டூரிஸ்டுகள் நிற்காமல் கடந்துபோகிற இந்த ஊர்களிலும் நல்ல ஒயின் வீடுகள் உண்டு, கூட்டமும் இல்லை.

சாப்பாடு, அதுவும் சைவம்?

கஷ்டம்தான், ஆனால் பட்டினி இல்லை. இந்த ஊரின் பெருமை எல்லாம் பன்றி இறைச்சி: புளிக்க வைத்த முட்டைகோஸின் மேல் குவித்த ஷூக்ரூத், மூன்று வகை இறைச்சியை மண்பாத்திரத்தில் மெதுவாக வேகவைத்த பெக்கெஓஃபா. சைவர்களைக் காப்பாற்றுவது ஃபிளாமெகுஷ்தான். தோசை மாதிரி மெல்லிய மாவில் கிரீமும் வெங்காயமும் பரப்பி விறகடுப்பில் சுட்டது. வழக்கமாகப் பன்றித் துண்டு போடுவார்கள், 'சான் லார்தோன்' என்று சொன்னால் போடாமல் தருவார்கள். வெங்காய டார்ட் சைவம் என்று நம்பி வாங்காதீர்கள், அதிலும் பல இடங்களில் கலந்திருக்கும்.

உணவகங்களில் மதியம் 12-லிருந்து 2, இரவு 7-க்கு மேல். மூன்று மணிக்குப் பசித்தால் பேக்கரிதான் கதி, பிரெட்செல் ரொட்டியும் கூகெல்ஹோஃப் கேக்கும் கிடைக்கும். ஞாயிறு பெரிய கடைகள் மூடியிருக்கும், ஜெர்மன் காலத்து உள்ளூர்ச் சட்டம் இங்கே இன்னும் நடப்பில் இருப்பதால் கண்டிப்பு மற்ற இடங்களைவிட அதிகம். புனித வெள்ளியும் டிசம்பர் 26-ம் பிரான்ஸின் பெரும்பகுதியில் வேலைநாள், இங்கே விடுமுறை. சனிக்கிழமையே தண்ணீர், பால், பழம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நாலு இரவுக்கு ஒரு திட்டம் சொல்லுங்கள்.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் கார் எடுத்து ஓபெர்னே, மித்தெல்பெர்கைம் வழியாக இறங்குங்கள், முதல் இரவு டாம்பாக்-லா-வில் பக்கம். இரண்டாம் நாள் காலை ஓ-கோனிக்ஸ்பூர்க், மதியம் பெர்கைம். மதிலைச் சுற்றி நடக்க ஒரு மணி நேரம் போதும், ரிக்வீர் அளவுக்குக் கூட்டமில்லை, எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது. இரவு ரிபோவில்லே. மூன்றாம் நாள் ஹுனாவீர், மாலையில் கூட்டம் போன பிறகு ரிக்வீர் அல்லது கைசர்ஸ்பெர்க், இரண்டில் ஒன்று. இரவு தூர்க்கைம், கோடைக்காலம் என்றால் அங்கே இரவு 10 மணிக்கு விளக்கும் ஈட்டியுமாக ஒரு காவலர் பாடிக்கொண்டே தெருத்தெருவாகப் போவார். நாலாம் நாள் மலைமேல் போகும் சிகரச் சாலை, முதல் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவம் போட்டது, 1,424 மீட்டர் கிரான் பலோன் வரை போகலாம். குளிர்காலத்தில் பனி மூடி அடைத்துவிடுவார்கள். இறங்கி எகிஷைமில் தங்குங்கள், தெருக்கள் வட்டத்துக்குள் வட்டமாகச் சுற்றிவரும் ஊர். கடைசி நாள் கோல்மார், ரயில்.

பாட்டில் வாங்கி ஊருக்குக் கொண்டுவரலாமா?

இந்திய சுங்கத்தில் ஒருவருக்கு 2 லிட்டர் வரை வரியில்லை. 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் 1.5 லிட்டர், மூன்றாவதை வைத்தால் 2.25, அங்கேதான் பேச்சு ஆரம்பிக்கும். கைப்பையில் வைக்க முடியாது, பெட்டியில்தான் போடணும். அல்சாஸ் பாட்டில் ஒல்லியாக, உயரமாக இருப்பதால் சின்னப் பெட்டியில் குறுக்கே நிற்காது, நீளத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் ஜீன்ஸ் கால் ஒன்றுக்குள் நுழைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, பெட்டியின் நடுவில் வையுங்கள். நான் அம்மாவின் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் வைத்தேன், ஒன்றும் உடையவில்லை, ஆனாலும் சென்னை வரும்வரை அம்மா என்னோடு பேசவில்லை.